பிரெஞ்சு மாதிரி இருந்த பக்கம்

பென்டிரைவைச் செருகிப் பழைய சான்றிதழைத் திறந்ததும், அது பிரெஞ்சில் இருக்கிறது என்றுதான் சுடர்விழி நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்? பக்கத்தின் தலையில் கிளப்பின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே வரிவரியாக é, ç, à, ô என்று தலையில் கோடும் தொப்பியும் காலில் வாலும் வைத்த எழுத்துகள். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும், எதிர்வீட்டுக்காரரைத் தெரிகிற மாதிரி.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க. சர்டிபிகேட் ஃபுல்லா பிரெஞ்சா இருக்குது."

அவள் கணவன் அருள்முருகன் நோணாங்குப்பம் படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கிறவன். அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். திரையை எட்டிப் பார்த்தான்.

"பெத்தாங்க் பிரெஞ்சுக்காரன் ஆட்டம்தான? பிரெஞ்சுலதான் இருக்கும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இரும்புக் குண்டை வீசி ஒரு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற அந்த விளையாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தானே. சுடர்விழி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தாள். இரண்டு வருஷமாக, மாலை நேரங்களில், விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வேப்ப மரத்தடியில் இருக்கும் கப்பிமண் திடலில் குண்டு வீசக் கற்றுக்கொண்டிருந்தாள். கொரோனாவுக்கும் முன்னாலேயே நின்றுபோயிருந்த போட்டியை இந்த வருஷம் மறுபடி நடத்துவதாக கிளப்பில் முடிவாகியிருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவள் என்பதால் சான்றிதழ் வேலை அவள் தலையில் விழுந்தது. செயலாளர் தேவதாஸ் தன் பழைய பென்டிரைவைக் கொடுத்து, "எல்லா வருஷத்துதும் இதுல இருக்குதும்மா. பேர மட்டும் மாத்திக்க, போதும்" என்று சொல்லியிருந்தார்.

பெயரை மட்டும் மாற்றலாம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் எது பெயர், எது ஊர், எது 'முதல் பரிசு' என்று எப்படித் தெரியும்? சுடர்விழி ஒரு பிரதி அச்செடுத்துக்கொண்டு மறுநாள் மாலை ரெனே மதாமிடம் போனாள்.

ரெனே மதாமின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மதாம் ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு வகுப்பு எடுத்தார். தெருவில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான் பழக்கம்.

மதாம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதத்தை வாங்கினார். முதல் வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. இரண்டாவது வரியைச் சத்தமாகவே படிக்கப் பார்த்தார். இருமல் மாதிரி ஏதோ வந்தது.

"இது பிரெஞ்சு இல்லயேம்மா."

"அப்ப வேற பாஷையா மதாம்?"

"எந்த பாஷையும் இல்ல. இங்க பாரு, ô-வுக்கு அப்புறம் ஒரு பிளஸ் மைனஸ் குறி. அப்புறம் é. அதுக்கப்புறம் அரைக்கால் மாதிரி ஒரு பின்னம். வாயால சொல்லவே முடியாது. ஆனா பாரேன், சும்மா கிறுக்கின மாதிரியும் இல்ல. இந்த கூட்டு இங்க வருது, மறுபடியும் கீழ வருது. யாரோ இன்னாவோ சொல்லத்தான் பாக்குறாங்க."

அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே மேலே போனவர், பக்கத்தின் தலையில் இருந்த கிளப்பின் பெயரில் வந்து நின்றார். விரல் அங்கேயே இருந்தது. பிறகு காகிதத்தை இரண்டாக மடித்து நீட்டினார்.

"இந்த கிளப்பு காயிதமா? இத்த நா பாக்கறதில்லம்மா. எடுத்துட்டுப் போ."

"ஏன் மதாம்?"

"கிளாசுக்கு பசங்க வந்துடுவாங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் சுடர்விழி படியிறங்குவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அவளுக்குக் குழப்பம் இரண்டாயிற்று. இந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன என்பது ஒன்று. மதாமுக்கும் கிளப்புக்கும் நடுவில் என்ன என்பது மற்றொன்று.

முதலாவதற்கு தேவதாஸ் போனிலேயே பதில் சொல்லிவிட்டார். அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"பிரெஞ்சா? அது தமிழ்ம்மா! அந்த ஃபான்ட் இருந்தா தமிழா தெரியும். நம்ம இனியவன்தான் அப்ப அடிச்சுக் குடுத்தான். அவன் நம்பர் அனுப்பறேன், அவன கேளு."

இனியவன் முன்பு லாஸ்பேட்டையில் டிடிபி கடை வைத்திருந்தவன். இப்போது பெங்களூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தான். சுடர்விழி விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டான். "அந்த ஃபான்டா? இருக்கும் அக்கா. எதையும் நா தூக்கி போட மாட்டேன். தேடி அனுப்பறேன்" என்றான். அன்று சாயங்காலமே மெயிலில் ஒரு ஃபைல் வந்தது.

அவள் அதை முதலில் அலுவலகத்தில் முயன்றாள். எழுத்துருவை நிறுவ வேண்டுமானால் அட்மின் பாஸ்வேர்டு கொடு என்று கேட்டது கம்ப்யூட்டர். சிஸ்டம் பார்க்கிறவரோ, பிரின்சிபால் கையெழுத்தோடு கடிதம் கொடு என்றார். விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டு கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கவில்லை. இது சரியான எழுத்துரு ஃபைலே இல்லை என்று சொல்லிவிட்டது. ஃபைலின் அளவைப் பார்த்தாள். பூஜ்யம். ஒன்றுமே இல்லாத ஃபைல். பெயர் மட்டும் இருந்தது.

"தம்பி, காலியா வந்திருக்குது" என்று போன் போட்டாள்.

"இருக்காதே அக்கா. எங்கிட்ட தொறந்தா எல்லா எழுத்தும் தெரியுதே?" அந்தப் பக்கம் அவன் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஆ, புரிஞ்சிபோச்சு. நா மேக்குல இருக்கேன். இது பழைய மேக் ஃபான்ட். அந்த காலத்து மேக்குல ஒரு ஃபைலுக்கு ரெண்டு ரூமு. எழுத்தெல்லாம் உள் ரூமுல வெச்சிருப்பாங்க. மெயில்ல அனுப்புனா முன் ரூமு மட்டும் வரும். அது காலி."

"அப்ப எழுத்தெல்லாம் பெங்களூர்லயே நின்னுபோச்சா?"

"அப்படியேதான். இருங்க, விண்டோசுக்குன்னு தனியா ஒண்ணு பழைய சிடில இருந்துச்சு. அத்த தேடறேன்."

இப்படியும் ஒரு ஃபைல் இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓர் ஊரில் நிறைந்து, இன்னோர் ஊரில் காலியாகிவிடுகிற ஃபைல். அருள்முருகனிடம் சொன்னாள். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நம்ம படகுல வர டூரிஸ்ட்டுங்க மாதிரி. பை இங்க வந்துடும், ஆளு அங்கயே நின்னுடுவான்" என்றான்.

இரண்டு நாள் கழித்து சரியான ஃபைல் வந்தது. ஜிப்பில் சுருட்டி வந்தது. சுடர்விழி அதைப் பிரித்தெடுத்து, இரட்டைக் கிளிக் செய்து, நிறுவும் பொத்தானை அழுத்தினாள். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏறிக்கொண்டது. ஆனால் சான்றிதழில் மாற்றமே இல்லை. எழுத்துருப் பட்டியலிலும் பெயரைக் காணோம். என்ன தப்பு செய்தோம் என்று மறுபடி நிறுவினாள். ஏற்கெனவே இருக்கிறது என்றது. இருக்கிறது என்கிறாய், காட்ட மாட்டேன் என்கிறாய் என்று அலுத்துப்போய் வேர்டை மூடிவிட்டு எழுந்தாள். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்தாள்.

பக்கம் தமிழாகியிருந்தது.

'மகளிர் இரட்டையர் போட்டி', 'முதல் பரிசு', 'பாராட்டிச் சான்றளிக்கிறோம்'. அத்தனை கோடுகளும் தொப்பிகளும் வால்களும் போய், சுழியும் கொம்பும் புள்ளியும் வந்து உட்கார்ந்திருந்தன. சுடர்விழி 'போட்டி' என்ற சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துருவுக்கு மாற்றினாள். பழையபடி பிரெஞ்சு வேஷம். திரும்ப மாற்றினாள், தமிழ். அடுப்பில் பால் இருப்பதை மறந்து இதையே பல தடவை செய்தாள். ஃபைலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பார்வைதான் மாறுகிறது. அது எப்படி?

இனியவன் சலிக்காமல் சொன்னான். "அப்ப கம்ப்யூட்டருக்கு மொத்தமே இருநூத்தி சொச்சம் எழுத்துதான் அக்கா தெரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். தமிழுக்குன்னு நம்பரே குடுக்கல. நம்மாளுங்க இன்னா பண்ணாங்க? ஏ பி சி டி-ய அப்படியே வுட்டுட்டாங்க. அதுக்கு மேல பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்து இருந்த நம்பர்ல நம்ம எழுத்த வரைஞ்சி வெச்சிட்டாங்க. கம்ப்யூட்டர் இப்பவும் அத்த é-ன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கும். நமக்குத்தான் தமிழா தெரியும்."

"யாரும் கேக்கலியா?"

"யாரு கேப்பா? தமிழ்நாட்டுல é-ய யாரு தேடுறாங்க?"

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சுடர்விழி இந்த வருஷத்து ஆட்டக்காரர்களின் பெயர்களை அடிக்கத் தொடங்கினாள். தமிழ்ப் பெயர்கள் முடிந்தன. காரைக்காலிலிருந்து வருகிற அணியில் ஒரு பெண், தன் பெயரை பிரெஞ்சு முறையில்தான் எழுத வேண்டும் என்று கேட்டு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள்: Agnès. அதை அப்படியே எடுத்து ஒட்டினாள். சான்றிதழில் 'Agnணுs' என்று விழுந்தது.

சுடர்விழிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அக்னணுஸ். பிறகு மண்டைக்குள் ஏதோ நகர்ந்தது. இனியவன் சொன்னதன் மறுபக்கம் இது. è உட்கார வேண்டிய இடத்தில் ணு உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் மற்றவர்கள் இடத்தில் யார் யார்?

அவள் பட்டியலிலிருந்து குறியெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாகப் போட்டு, அத்தனையையும் பழைய எழுத்துருவுக்கு மாற்றினாள். ç கூ ஆயிற்று. à லு ஆயிற்று. ஊரில் அதிகம் பார்க்கிற எழுத்து é, அது டி ஆயிற்று.

அந்த டி-யை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். 'போட்டி'யின் கடைசியில் மதாம் கண்டுபிடித்துச் சொன்ன é இதுதான். பிறகு அவள் செய்தது வெறும் ஆர்வத்தில் செய்ததுதான். இந்தப் பென்டிரைவில் எத்தனை வருஷத்துச் சான்றிதழ் இருக்கிறது! இந்த ஊரில் எத்தனை பேருக்கு é இருக்கிறது! யார் யார் பெயரில் எல்லாம் டி விழுந்திருக்கும் என்று பார்க்க, பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

பெரும்பாலும் தமிழ்ப் பெயர்கள்தாம். பிரெஞ்சுப் பெயர் உள்ளவர்களும் தமிழிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஃபைலில், மகளிர் இரட்டையர் முதல் பரிசில், இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று தாமரைச்செல்வி. மற்றொன்று 'Renடிe'.

அந்தப் பெயரை மட்டும் வேறு எழுத்துருவுக்கு மாற்றினாள். Renée.

"ஏங்க," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அருள்முருகன் வந்து பார்த்தான். "ரென்-டி," என்று எழுத்துக் கூட்டிப் படித்துச் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"யாரு இது?"

"ரெனே மதாம். நம்ம பிரெஞ்சு கிளாஸ் மதாம்."

"அய்யய்யோ. அவங்கள யாரு டி போட்டு எழுதுனது?"

"யாருமே எழுதல," என்றாள் சுடர்விழி. "அதுதான் விஷயமே."

மறுநாள் மாலை திடலில் தேவதாஸைத் தனியாகப் பிடித்தாள். அவர் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் எந்நேரமும் ஒரு குண்டை உருட்டிக்கொண்டே இருப்பார்.

"அண்ணா, ரெனே மதாம் நம்ம கிளப்புல ஆடினாங்களா?"

உருண்டுகொண்டிருந்த குண்டு நின்றது. "ஆடினாங்களாவா? அவங்க மாதிரி குண்டடிக்க இன்னிவரைக்கும் ஆள் கெடையாது. எதிராளி குண்ட தட்டிட்டு தன் குண்ட அதே எடத்துல நிறுத்துவாங்க."

"அப்பறம் ஏன் வரல?"

"எம்மேல கோவம். காரைக்காலுக்கு போற டீம்ல அவங்க கேட்ட ஆள நா போடல. எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாங்க, நானும் போட்டேன். ஆனா போட்டிக்கு வந்தாங்க, ஜெயிச்சாங்க. பிரைஸ் வாங்கிக்கிட்டு போனவங்கதான். அப்பறம் வரவே இல்ல. ஆள் வுட்டேன், ஒடம்பு சரியில்லன்னுட்டாங்க. ஒரு டீம் விஷயத்துக்கு இவ்ளோ கோவமான்னு நானும் வுட்டுட்டேன்."

சுடர்விழி போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். தேவதாஸ் கண்ணை இடுக்கிப் பார்த்தார். படித்ததும் அவர் உதடு தானாக அசைந்தது.

"நா கையால எழுதிக் குடுத்தது சரியாத்தான் எழுதிக் குடுத்தேன். மேல கோடெல்லாம் போட்டு."

"தெரியும் அண்ணா. இனியவனும் சரியாத்தான் அடிச்சிருக்கான். அந்த ஃபான்ட்ல é வந்தா டி-ன்னு விழும், அவன் கவனிச்சிருக்க மாட்டான்."

"இதுலயா நா கையெழுத்து போட்டேன்?"

"கீழ உங்க பேருதான் இருக்குது."

அவர் குண்டைத் தரையில் வைத்துவிட்டு, வேப்ப மரத்தடிச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டார். நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணா, நானே முதலில் போகிறேன் என்றாள்.

ரெனே மதாம் கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும், "மறுபடியும் அந்த காயிதமா?" என்றார்.

"காயிதம் கொண்டாரல மதாம். அது இன்னா பாஷைன்னு கண்டுபிடிச்சிட்டேன், அத்த சொல்லத்தான் வந்தேன்."

மதாம் ஒதுங்கி வழிவிட்டார். தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

சுடர்விழி சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, அது தமிழ் என்பதையும், பிரெஞ்சு எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்ததையும், இரண்டு அறை ஃபைலையும், அக்னணுஸையும் சொன்னாள். மதாம் கவனமாகக் கேட்டார். அக்னணுஸுக்குச் சிரித்தேவிட்டார்.

"è ணு ஆகுதா? அப்ப é?"

"டி, மதாம்."

மதாம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்னிக்கு மைக்குல படிச்சாங்க," என்றார். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. "வெளியூர் ஆளு ஒருத்தரு. என்னத் தெரியாது. அதுல இருந்தத அப்படியே படிச்சாரு. தாமரைச்செல்வி, ரென்-டி. டெண்ட்டு முழுக்க சிரிச்சாங்க. ஏதோ தப்பா படிக்கிறாருன்னு நெனச்சிக்கிட்டு மேடைக்கி போனேன். கையில வாங்கிப் பாத்தா எழுத்துலயே இருக்குது, டி-ன்னு. கொட்டையா. எங்கப்பா என்ன ஒரு நாள் டி போட்டு கூப்ட்டதில்ல. அங்கயே கிழிச்சிப் போட்டுட்டு வந்துட்டேன்."

"தேவதாஸண்ணன் வேணும்னே பண்ணாருன்னு நெனச்சீங்களா?"

"மொத நாளுதான் சண்ட. வேற இன்னா நெனைக்கிறது?" அவளை நேராகப் பார்த்து, "நீ சொல்றது நெசமா? அவங்கள காப்பாத்த எதுவும் சொல்லலியே?" என்றார்.

"என் வீட்டுக்கு வாங்க மதாம். நீங்களே அடிச்சி பாருங்க."

மதாம் அப்போதே கிளம்பிவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு சுடர்விழிக்கு முன்னால் நடந்தார்.

வீட்டில் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்ததும், é எங்கே இருக்கிறது என்று காட்டப்போன சுடர்விழியின் கையை விலக்கினார். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு, பார்க்காமலே எண்பலகையில் 130 தட்டினார். சுடர்விழிக்கு வாய் பிளந்தது. இத்தனை நாள் அவள் பட்டியலில் தேடித் தேடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எப்படி மதாம்?"

"வருஷக்கணக்கா கொஸ்டின் பேப்பர் அடிக்கிறேன் இல்ல."

திரையில் Renée என்று சுத்தமாக நின்றது. சுடர்விழி எழுத்துருப் பட்டியலில் பழைய பெயரைக் காட்டினாள். மதாம் தானே கிளிக் செய்தார்.

Renடிe.

அவர் அதைத் திரும்ப மாற்றினார். மறுபடி கிளிக் செய்தார். சுடர்விழி செய்த மாதிரியே, போவதும் வருவதுமாகப் பல தடவை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அழப்போகிறாரோ என்று சுடர்விழி பயந்தாள். மதாம் அழவில்லை. தம்பி பெயரை அடித்தார்: Franகூois. பாரிஸில் இருக்கிற அத்தை பெயரை அடித்தார்: Hடிlணுne.

"எங்க அத்தைக்கும் டி," என்றார். "அவங்க இத்த பாத்தா கொன்னுடுவாங்க." அப்புறம் ஏதோ தோன்றி, "பெரிய எழுத்துல போட்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடித்தார். RENதீE என்று வந்தது. நடுவில் பெரிதாகத் தீ. மதாம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். உள்ளே இருந்து அருள்முருகன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தான்.

சிரிப்பு அடங்கியதும் மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப தேவதாஸ் ஒண்ணும் பண்ணல."

"இல்ல மதாம்."

"ஆனா படிச்சிப் பாக்காம கையெழுத்து போட்டிருக்காரு."

"போட்டிருக்காரு" என்றாள்.

"அத்த அவர்கிட்ட கேக்கணும்," என்றார் மதாம். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "இந்த வருஷம் எப்படி அடிக்கப் போற? அந்தக் காரைக்கால் பொண்ணு பேரு?"

"புதுசா ஒரு ஃபான்ட் இருக்குது மதாம். அதுல தமிழுக்கு தனி நம்பரு, è-க்கு தனி நம்பரு. ஒண்ணு எடத்துல இன்னொண்ணு வராது. ஆனா பழச மாத்தினா சரியா வராது, முழுசா தமிழ்ல திருப்பி அடிக்கணும்."

"நீ அடி. பிரெஞ்சு பேரெல்லாம் நா பாத்துத் தரேன்."

மூன்று மாலைகள் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சான்றிதழையும் அச்செடுத்த பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். தமிழ்ப் பெயர்களில் இருந்த ஒற்றுப் பிழைகளைக்கூட விடவில்லை. சுடர்விழிக்கு ஒரு கட்டத்தில் எரிச்சல்கூட வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெனே மதாம் திடலுக்கு வந்தார். சுடர்விழி அழைக்கவில்லை, அவராகவே வந்தார். கையில் ஒரு பழைய துணிப்பை, உள்ளே மூன்று குண்டுகள். தேவதாஸ் அவரைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு நேரே வந்து கைகூப்பினார்.

"மதாம், எனக்கு நெசமாவே தெரியாது."

"தெரியும்," என்றார் மதாம். "இந்தப் பொண்ணு காட்டிட்டா. நீங்க படிக்காம கையெழுத்து போட்டீங்களா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

தேவதாஸ் தலையைச் சொறிந்தார். "கட்டா கொண்டாந்து வெச்சாங்க. மேல சீஃப் கெஸ்ட்டு வந்துட்டாருன்னு கத்துறாங்க. போட்டுட்டேன்."

"மைக்குல படிச்சப்ப?"

"டீ சொல்ல வெளிய போயிருந்தேன், மதாம். அப்பறமும் யாரும் எங்கிட்ட சொல்லல."

மதாம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இனிமே படிங்க," என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு குண்டை எடுத்துத் துடைத்தார். "யாரு ஆடறீங்க?"

தேவதாஸே எதிரணியில் நின்றார். மதாமின் முதல் குண்டு வேலியோரம் ஓடிவிட்டது. இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. கை மறந்துபோச்சு என்றுவிட்டு பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். மூன்றாவதை வீசுவதற்கு முன், குந்தி உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வீசினார். அது தேவதாஸின் குண்டை உரசித் தள்ளி, மரக்குண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. தள்ளப்பட்டதும் தூரப் போகாமல் அந்தப் பக்கம் கிட்டத்திலேயே நின்றுவிட்டது.

"என்னுது," என்றார் மதாம்.

"எங்க மதாம், நல்லா பாருங்க. என்னுதுதான் கிட்ட."

"உங்க கண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க."

இரண்டு பேரும் இரண்டு பக்கமாக மண்டியிட்டுக்கொண்டார்கள். தேவதாஸ் கையால் சாண் போட்டார்; மதாம் அவர் கையைத் தட்டிவிட்டு, சாணெல்லாம் செல்லாது, டேப் கொண்டுவா என்றார். டேப் யாரிடமும் இல்லை. குரல்கள் ஏற ஏற, மற்ற ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் வந்து நின்றார்கள். ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

"சுடர்விழி, நீ வந்து பாரும்மா," என்று தேவதாஸ் கூப்பிட்டார்.

"ஆமா, அவ பாக்கட்டும்," என்றார் மதாம்.

சுடர்விழி சுரிதார் துப்பட்டாவின் ஒரு முனையை மரக்குண்டின் மேல் பிடித்து, மறுமுனையை மதாமின் குண்டுவரை இழுத்தாள். அங்கே விரலால் அடையாளம் வைத்துக்கொண்டு, துணியை தேவதாஸின் குண்டுப் பக்கம் திருப்பினாள். இரண்டு தலைகளும் அவள் கையின் மேல் கவிந்து வெளிச்சத்தை மறைத்தன.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் அவள். "எனக்கே இன்னும் தெரியல."